உங்கள் பிள்ளை டொக்டராக வேண்டுமா?

 

பரீட்சைக் காலம் நெருங்கினால் பள்ளிவாசலுக்கு வரும் துஆக் கோரிக்கைகளில் பெரும்பகுதி பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகவே இருக்கும். அதிலும் ஏ.எல். வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளையின் உம்மா கேட்டனுப்பும் துஆ தனியானது. "எப்படியாவது என் பிள்ளை டொக்டராகிவிட வேண்டும், மௌலவி!" என்பார்.

அந்தத் தாயின் ஆசையில் யார்தான் குறை காண முடியும்? நோயாளியின் வேதனையைத் தீர்ப்பதைவிடச் சிறந்த பணி உலகில் எத்தனை இருக்கின்றன? ஆசை நல்லது. ஆனால் அந்த "எப்படியாவது" என்ற ஒரு சொல் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு கொஞ்சம் மனம் விட்டுப் பேச விரும்புகிறேன்.

பறிபோகாத சொத்து

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மருத்துவப் படிப்பின் மீதுள்ள ஆசை நேற்று இன்று முளைத்ததல்ல. 1847 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த டொக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். ஊர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். பின்னர் அதைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கி, ஆங்கில மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல். 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவ பீடம் தொடங்கிற்று. யுத்தம் நடந்த ஆண்டுகளில் மின்சாரம் இல்லாமல், குப்பி விளக்கு வெளிச்சத்தில் படித்து அந்தப் பீடத்துக்குள் நுழைந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்!

சோனகத் தெருக் குடும்பங்களின் கதை இன்னும் வேதனையானது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடு போயிற்று, கடை போயிற்று, பெண் பிள்ளைகளுக்கென்று சேர்த்து வைத்த நகையும் போயிற்று. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பிள்ளைகளை வளர்த்த தாய்மார் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: மண்ணையும் பொன்னையும் பறிக்கலாம், படித்த படிப்பை யாராலும் பறிக்க முடியாது!

உண்மைதான். ஆனால் அது உண்மையான படிப்பாக இருந்தால்தான் பறிபோகாது. பொய்யால் பெற்ற படிப்பு எந்த நாளும் பறிபோகும். அதற்குக் கடலுக்கு அந்தப் பக்கமே சாட்சி இருக்கிறது.

தேனியில் நடந்தது

இந்தியாவில் மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டுமானால் 'நீட்' என்னும் நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். 2019 செப்டெம்பரில், தமிழ்நாட்டின் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்திருந்த ஒரு மாணவரைப் பற்றிப் புகார் வந்தது. தேர்வு அனுமதிச் சீட்டில் இருந்த படத்தையும் மாணவரின் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே ஆள் அல்ல! அவருக்குப் பதிலாக மும்பையில் வேறொருவர் தேர்வு எழுதியிருக்கிறார் என்று விசாரணையில் தெரிய வந்தது. வழக்கைத் தமிழ்நாட்டின் சி.பி.சி.ஐ.டி. பொலிஸார் ஏற்றார்கள். தோண்டத் தோண்ட, வேறு கல்லூரிகளிலும் இப்படிச் சேர்ந்த மாணவர்கள் அகப்பட்டார்கள்.

சகோதரிகளே, இந்தச் செய்தியில் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மாணவர்கள் மட்டும் கைதாகவில்லை. அவர்களின் தகப்பன்மாரும் கைதானார்கள். தேனி மாணவரின் தகப்பனே ஒரு டொக்டர்! அந்தப் படிப்பு என்னவென்று தெரிந்தவர். நோயாளியின் உயிர் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைத் தினமும் பார்ப்பவர்.

ஆள் பிடிக்க, தரகருக்குக் கொடுக்க, பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் பணம் ஏது? வழி ஏது? முதலில் வழுக்கியது பிள்ளையின் கால் அல்ல. வீட்டின் வாசற்படிதான் முதலில் வழுக்கியது.

எஞ்சினும் பெட்டிகளும்

இதைவிடப் பெரிய மோசடி மத்தியப் பிரதேச மாநிலத்தில் நடந்தது. அங்கே மருத்துவ நுழைவுத் தேர்வையும் அரசு வேலைத் தேர்வுகளையும் நடத்திய சபைக்கு 'வியாபம்' என்று பெயர். 2013 ஜூலையில், இந்தூர் நகரில் பிறருக்காகத் தேர்வு எழுத வந்து விடுதிகளில் தங்கியிருந்தவர்கள் பிடிபட்டார்கள். அங்கிருந்து நூல் பிடித்தபோது தரகர்கள், அதிகாரிகள், அரசியல்வாதிகள், பெற்றோர் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வழக்கில் சிக்கினார்கள். 2015 ஜூலையில் வழக்கு மத்திய புலனாய்வுத் துறைக்குப் போயிற்று.

அவர்கள் கையாண்ட முறைகளில் ஒன்றுக்கு 'எஞ்சின்-பெட்டி' என்று பெயர். நன்றாகப் படித்த ஒருவரைப் பணம் கொடுத்து எஞ்சினாக உட்கார வைப்பார்கள். அவருக்குப் பக்கத்திலும் பின்னாலும் பணம் கட்டிய பிள்ளைகள் பெட்டிகளாக அமர்வார்கள். அதற்கேற்பத் தேர்வு எண்களையே மாற்றி அமைப்பார்கள். எஞ்சின் எழுத, பெட்டிகள் பார்த்து எழுதும்.

ரயில் பெட்டியை எஞ்சின் இழுத்துச் செல்லலாம். நாளை நள்ளிரவில் வாட்டில் மூச்சுத் திணறும் நோயாளிக்கு முன்னால் அந்தப் பெட்டி தனியாக நிற்குமே, அப்போது எந்த எஞ்சின் வந்து இழுக்கும்?

"பிறகு நன்றாகப் படித்தால் சரிதானே?"

சிலர் இப்படிக் கேட்பார்கள்: "உள்ளே போவதற்குத்தான் குறுக்கு வழி. போன பிறகு ஐந்து வருடம் படித்துப் பாஸாகிறான்தானே? அப்புறம் என்ன?"

இதே கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. 2008 முதல் 2012 வரை மத்தியப் பிரதேசத்தில் இப்படிச் சேர்ந்த 634 மாணவர்களின் வழக்கு அது. பலர் படிப்பை முடித்தே விட்டார்கள். 2016 மே மாதம் இரண்டு நீதிபதிகளும் இரு வேறு தீர்ப்புச் சொன்னார்கள். தவறுக்குப் பரிகாரமாக ஐந்து ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் இராணுவத்தில் மருத்துவ சேவை செய்யட்டும், படித்த படிப்பு நாட்டுக்குப் பயன்படட்டும் என்பது ஒருவரின் கருத்து. சேர்க்கையை ரத்துச் செய்வதே சரி என்பது மற்றவரின் கருத்து. 2017 பெப்ரவரியில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இறுதியாகத் தீர்ப்பளித்தது. 634 பேரின் சேர்க்கையும் ரத்து! ஏமாற்றிப் பெற்ற பலனைச் சமூக நன்மை என்ற பெயரால் காப்பாற்ற முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். எத்தனை ஆண்டுகளின் உழைப்பு, எத்தனை குடும்பங்களின் பணம், ஒரே நாளில் காகிதமாயிற்று!

மார்க்கத்தின் பார்வையிலும் இதைப் பார்ப்போம். பரீட்சையில் ஏமாற்றியவர் பின்னர் தொழிலை முறையாகக் கற்று, உரியபடி செய்தால் அந்த வேலைக்கான கூலி ஆகும் என்று சொன்ன ஆலிம்கள் நம் காலத்தில் உண்டு. ஆனால் ஏமாற்றியதற்குத் தௌபாச் செய்வது கட்டாயம் என்பதையும் அவர்களே சேர்த்துச் சொல்கிறார்கள். அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்ட பாவத்தில் தௌபாவின் நிபந்தனை என்ன? எடுத்ததை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆட்டைத் திருடியவர் ஆட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவ பீடத்தில் ஓர் இடத்தைத் திருடியவர் அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பார்? அந்த இடத்துக்கு உரிய பிள்ளை யார் என்றே அவருக்குத் தெரியாதே! அந்தப் பிள்ளை இப்போது எந்த ஊரில், எந்தக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருக்கிறதோ!

பக்தாதில் நடந்த பரீட்சை

ஹிஜ்ரி 319 இல், அதாவது கி.பி. 931 இல், பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் நோயாளி ஒருவர் இறந்து போனார். செய்தி கலீஃபா முக்ததிரின் காதுக்கு எட்டியது. பரீட்சையில் தேறாத எவரும் இனி வைத்தியம் பார்க்கக் கூடாது என்று கட்டளையிட்டார். பரீட்சிக்கும் பொறுப்பைத் தலைமை வைத்தியர் ஸினான் இப்னு ஸாபித்திடம் ஒப்படைத்தார். அந்த நகரில் மட்டும் 860 க்கும் மேற்பட்டோர் பரீட்சிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அப்போது கண்ணியமான தோற்றத்தோடு ஒரு முதியவர் வந்தாராம். ஸினான் அவரை மரியாதையாக அமர வைத்து, "யாரிடம் படித்தீர்கள்?" என்று கேட்டார். முதியவர் கொஞ்சம் தீனார்களை எடுத்து முன்னால் வைத்தார். தமக்கு எழுதப் படிக்க நன்றாக வராது என்றும், குடும்பம் இந்தத் தொழிலால்தான் சாப்பிடுகிறது, பிழைப்பைக் கெடுத்துவிட வேண்டாம் என்றும் கெஞ்சினார். ஸினான் சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். தெரியாத நோயில் கை வைக்கக் கூடாது. இலேசான நோய்களுக்கு மேல் போகக் கூடாது. முதியவரும் ஒப்புக்கொண்டார்.

முதியவர் காசை நீட்டியது பிழைதான். ஆனால் அவர் தம் அறியாமையை மறைக்கவில்லை. உண்மையைச் சொன்னதால் அவருக்கு ஓர் எல்லை போட முடிந்தது. ஆள் வைத்துப் பரீட்சை எழுதிச் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருப்பவருக்கு யார் எல்லை போடுவது? அவருக்கு என்ன தெரியாது என்பது யாருக்குத் தெரியும்?

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் வந்திருக்கிறது. அதை வைத்து ஃபிக்ஹு அறிஞர்கள் நஷ்டஈடு வரை சட்டம் வகுத்திருக்கிறார்கள். ஆக, இது வெறும் பரீட்சை மண்டபத்து விவகாரம் அல்ல. உயிரின் விவகாரம்.

உள்ளே போன பின்னும்

நேர்மையாகப் பீடத்துக்குள் போன பிள்ளைக்கும் சோதனை முடிந்துவிடுவதில்லை. விரிவுரைக்கு வராத தோழனுக்காக வருகைப் பதிவில் கையெழுத்து வைப்பது, முந்திய வருடத்து அண்ணாவின் அறிக்கையைப் பார்த்து எழுதிக் கொடுப்பது, நோயாளியைத் தொட்டே பார்க்காமல் பிரஷர் இவ்வளவு, நாடி இவ்வளவு என்று குறிப்பில் நிரப்பிவிடுவது - இவை உலகில் எந்த மருத்துவக் கல்லூரியிலும் நடக்கக் கூடியவை. "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?" என்று பிள்ளை கேட்கலாம்.

பெரிய விஷயம்தான். பார்க்காத நாடியை எழுதப் பழகிய கை, டொக்டரான பின்னும் அதையே எழுதும். ஆறு மணிக்கு நோயாளி நன்றாக இருந்தார் என்று அந்தக் குறிப்பு சொல்லும். அதை நம்பி அடுத்த டொக்டர் மருந்து கொடுப்பார். உண்மையில் ஆறு மணிக்கு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் யாருமே போயிருக்க மாட்டார்கள்.

2005 இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான 235 டொக்டர்மாரின் மாணவப் பருவத்துப் பதிவுகளை எடுத்து, அப்படி எந்த நடவடிக்கைக்கும் ஆளாகாத 469 பேரின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். மாணவப் பருவத்திலேயே ஒழுங்கீனமாக நடந்ததாகப் பதிவானவர்களுக்குப் பிற்காலத்தில் நடவடிக்கைக்கு ஆளாகும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. பொறுப்பில்லாமல் நடந்துகொண்டவர்களின் நிலை அதைவிட மோசம். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நம் மண்ணில் விழுந்த பழி

பரீட்சை மோசடி என்ற பழி ஓர் ஊரை என்ன பாடுபடுத்தும் என்பதை யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 1970 இல், தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் மாணவர்களுக்குப் புள்ளியை அள்ளிப் போடுகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பிற்று. அது நிரூபிக்கப்படவே இல்லை. ஆனாலும், அப்போதிருந்த அரசியல் சூழலில் பழி நின்றுவிட்டது. 1971 இல் மருத்துவ பீடத்துக்குச் செல்ல, தமிழ் மொழியில் எழுதியவருக்கு 400 க்கு 250 புள்ளியும், சிங்கள மொழியில் எழுதியவருக்கு 229 புள்ளியும் வேண்டும் என்று ஆயிற்று. தமிழில் எழுதிய முஸ்லிம் பிள்ளையும் அந்த 250 க்குள்தான் அடங்கினார். அந்தத் தரப்படுத்தலின் காயம் பிறகு இந்த நாட்டை எங்கே கொண்டு போய் விட்டது என்பது நாம் எல்லோரும் அனுபவித்த கதை.

செய்யாத மோசடிக்கே அவ்வளவு விலை! அப்படியானால், நம் பிள்ளை ஒன்று உண்மையாகவே மோசடி செய்து பிடிபட்டால், ஊரில் விடிய விடியப் படிக்கும் எத்தனை பிள்ளைகளின் பெறுபேற்றின் மீது சந்தேகம் விழும்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது நம் நாட்டில் மருத்துவ பீட இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. எந்த மாவட்டம் என்பதைப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் பிள்ளை எங்கே படித்தது என்பதைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். அதனால் யாராவது வந்து, "பெயரை மட்டும் வன்னியில் ஒரு பாடசாலையில் பதிந்து வையுங்கள். பிள்ளை இங்கே ரியூசனுக்குப் போகட்டும். அங்கே வெட்டுப்புள்ளி குறைவு" என்று யோசனை சொன்னால் என்ன செய்வீர்கள்?

வன்னியில் வேதியியலுக்கு ஆசிரியர் இல்லாமல், ஆய்வுகூடம் இல்லாமல், பஸ்ஸுக்குக் காத்து நின்று படிக்கிற பிள்ளைக்காக ஒதுக்கிய இடம் அது. உண்மையாகவே அங்கே குடியிருந்து படிக்கும் பிள்ளை எடுத்தால் அது உரிமை. பொய் முகவரி கொடுத்து எடுத்தால் ஏழையின் தட்டில் கை வைத்த பாவம். எல்லாவற்றையும் இழந்து அகதியாய் நின்ற நமக்கு, இன்னொருவர் இழப்பதன் வலி தெரியாமல் போகலாமா?

உம்மாமார் செய்யக் கூடியது

2024 செப்டெம்பர் 15 ஆம் திகதி நடந்த ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்குவதென்று அவ்வருடம் டிசம்பர் 31 ஆம் திகதி முடிவாயிற்று. வினாக்களை வெளியே விட்டவர்கள் பத்து வயதுப் பிள்ளைகளா? இல்லை, பெரியவர்கள்! பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் கற்கிறார்கள். ஆகவே நம்மிடமிருந்தே தொடங்குவோம்.

முதலில், பிள்ளையின் பயத்தை எடுத்துவிடுங்கள். மோசடி செய்யும் பிள்ளைகளில் பலர் சோம்பேறிகள் அல்லர், பயந்தவர்கள். பெறுபேறு குறைந்தால் வாப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது, மாமி என்ன சொல்வார், ஊர் என்ன பேசும் என்ற பயம். பரீட்சைக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்: "நீ உண்மையாக எழுதி எது வந்தாலும் இந்த வீட்டில் உன் இடம் குறையாது." இந்த ஒரு வார்த்தை நூறு கண்காணிப்பாளர்களைவிடப் பலமானது.

இரண்டாவது, வழிகள் பல என்பதைக் காட்டுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்காக ஏ.எல். பரீட்சையை மூன்று தடவை எழுதலாம். மருத்துவ பீடம் கிடைக்காவிட்டாலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகிய பட்டப்படிப்புகள் இருக்கின்றன. நோயாளிக்குப் பணி செய்யத்தான் ஆசை என்றால் இவையும் அந்தப் பணிதானே? "டொக்டர்" என்ற பட்டத்துக்குத்தான் ஆசை என்றால், அது யாருடைய ஆசை என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம்.

மூன்றாவது, "ஆள் இருக்கிறது, பேப்பர் இருக்கிறது" என்று யார் வந்தாலும், சொந்தக்காரராக இருந்தாலும், பிள்ளையின் கண் முன்னாலேயே வாசலோடு திருப்பி அனுப்புங்கள். பிள்ளை அதைப் பார்க்க வேண்டும். பத்து உபதேசத்தை மறக்கும் பிள்ளை அந்தக் காட்சியை மறக்காது.

நான்காவது, பிள்ளை ஏற்கெனவே மருத்துவ பீடத்தில் இருந்தால், வீட்டுக்கு வரும்போது எத்தனை புள்ளி என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்தக் கிழமை எந்த நோயாளியைப் பார்த்தாய்? என்ன தெரிந்துகொண்டாய்? தெரியாததை யாரிடம் கேட்டாய்?" என்று கேளுங்கள். "தெரியாது" என்று தயங்காமல் சொல்லும் டொக்டர்தான் ஆபத்தில்லாத டொக்டர்.

ஐந்தாவது, பிள்ளை தானாக வந்து, "உம்மா, நான் பார்த்தெழுதிவிட்டேன்" என்று சொன்னால் அடிக்கக் கை ஓங்காதீர்கள். உண்மை பேசத் தொடங்கிய வாயை மூடிவிடாதீர்கள். கூட நின்று ஆசிரியரிடம் அழைத்துப் போங்கள். ஒரு புள்ளி போகட்டும், ஒரு வருடமே போகட்டும். பின்னாளில் ஓர் உயிர் போவதைவிட இந்த நஷ்டம் எவ்வளவோ சின்னது.

சகோதரிகளே! யாழ் போதனா வைத்தியசாலைக்கு நடுச்சாமத்தில் காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வரும் தாய், எதிரே நிற்கும் டொக்டரிடம், "நீங்கள் பரீட்சையை நீங்களே எழுதினீர்களா?" என்று கேட்க மாட்டார். வெள்ளை அங்கியைப் பார்த்த உடனே பிள்ளையை அந்தக் கையில் கொடுத்துவிடுவார். அவ்வளவு பெரிய அமானிதம் அது. அந்தக் கை நம் பிள்ளையின் கையாக இருக்குமானால், அது அந்த அமானிதத்தைத் தாங்கும் கையாக இருக்க வேண்டும். அதை உருவாக்குவது மருத்துவ பீடம் மட்டுமல்ல. உங்கள் சமையலறையில், உங்கள் மடியில், ஐந்தாம் ஆண்டுக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருக்கும்போதே அந்தப் பாடம் தொடங்கிவிடுகிறது.

வஸ்ஸலாம்.